அப்பா பக்கத்தையும் கேளுங்கள்

இணுவிலில் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்வோம். இரண்டும் நான் கற்பனை செய்தவை. ஆனாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஊரிலும் இவற்றைப் போன்ற வீடுகள் உண்டு.

முதல் வீட்டில் தகப்பனுக்கு வாய்ப்புற்று. அவருடைய தம்பிக்கும் அதே வருத்தம். சில வருடங்கள் கழித்து மூத்த மகனுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை தோன்றியது. அது ஆறாத புண்ணாகி, கடைசியில் அதுவும் புற்றென்று வந்தது. "அந்தப் பரம்பரைக்கே உள்ள வருத்தம்" என்கிறது ஊர்.

இரண்டாவது வீட்டில் 38 வயதுப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய். தாய்க்கு 70 வயது, ஒரு குறையும் இல்லை. அம்மம்மா தொண்ணூறைத் தொட்டுவிட்டுப் போனவர். பெரியம்மாவும் சின்னம்மாமாரும் சுகமாக இருக்கிறார்கள். "பரம்பரையில் ஒருவருக்கும் இல்லாத வருத்தம் இந்தப் பிள்ளைக்கு எப்படி வந்தது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

இரண்டு கதைகளையும் புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் சொன்னால், பரம்பரையைப் பற்றி அவர் துருவித் துருவிக் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது வீட்டில்தான். ஊர் நினைப்பதற்கு இது நேர்மாறு.

முதல் வீட்டை முதலில் பார்ப்போம். இணுவிலின் செம்மண்ணில் புகையிலை நன்றாக விளையும். தோட்டத்தில் புகையிலை, வீட்டில் வெற்றிலைத் தட்டம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய் வெற்றிலை, பின்னேரம் ஒரு சுருட்டு. தோட்டவேலையோடு இதையும் சேர்த்துத்தான் மகன் தகப்பனிடமிருந்து பழகுகிறான். புகையிலையின் கேடு எல்லோருக்கும் தெரியும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோயைத் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பதற்கு இந்தப் பழக்கங்களே பெருங்காரணம். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே வருத்தம் வந்தால், அவர்களுக்குப் பொதுவாக இருப்பது இரத்தமா பழக்கமா என்பதை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும்.

அதைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இரட்டைப் பிள்ளைகளிடம் போனார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பரம்பரைச் சரக்கு முழுவதும் ஒன்று. இரண்டு கருவாக உருவான இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பி போலப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்கிறார்கள். ஒரு நோய் முதல் வகையினரில் கூடுதலாக ஒத்துப்போனால் பரம்பரைக்கு அதில் பங்குண்டு. இரு வகையிலும் ஒரே அளவு ஒத்துப்போனால் காரணம் வீடும் சூழலும். சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளின் 44,788 இரட்டைச் சோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. மார்பகம், பெருங்குடல், புரோஸ்டேட் ஆகிய மூன்றிலும் பரம்பரையின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மொத்தத்தில் பெரும்பங்கு சூழலுக்கும் வாழ்முறைக்குமே.

இனி உள்ளே போவோம். நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. சோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. அவற்றில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் இவற்றைப் பரம்பரையலகு என்னும். இரண்டும் ஒன்றே. மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான எழுத்துவரிசை. அந்த வரிசையில் ஓர் எழுத்து மாறினாலோ, விழுந்துபோனாலோ, கூடிப்போனாலோ அது விகாரம்.

விகாரம் இல்லாமல் புற்றுநோய் இல்லை. ஆனால் அந்த விகாரம் எப்போது வந்தது என்பதில்தான் வித்தியாசம். வெற்றிலை போடுபவரின் கன்னத்தில் இருக்கும் ஏதோவொரு கலத்தில் ஐம்பதாவது வயதில் ஏற்படும் விகாரம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. இதை இடைவந்த விகாரம் என்போம். தாயின் சூல்முட்டையிலோ தந்தையின் விந்திலோ இருந்து வரும் விகாரம் பிள்ளையின் ஒவ்வொரு கலத்திலும் பிறப்பிலிருந்தே இருக்கும், அடுத்த தலைமுறைக்கும் போகலாம். இது வழிவந்த விகாரம். எல்லாப் புற்றுநோய்களிலும் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே வலுவான வழிவந்த விகாரத்தால் உண்டாகின்றன என்பது பொதுவான மதிப்பீடு.

இந்த வேறுபாட்டை, மரபணுவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னரே, வயதுகளை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தவர் அமெரிக்க மருத்துவர் அல்பிரட் நட்சன். குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றை அவர் ஹூஸ்டன் நகரில் ஆராய்ந்தார். 48 குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது இரண்டு வகை தெரிந்தது. சிலருக்கு இரண்டு கண்ணிலும், பல கட்டிகளாக, மிகச் சிறு வயதிலேயே வந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒரு கண்ணில், ஒரே கட்டியாக, சற்றுப் பிந்தி வந்திருந்தது. எந்த வயதில் எத்தனை பேருக்கு நோய் தெரிந்தது என்று வரைந்து பார்த்தார். இரண்டு கண்ணிலும் வந்த பிள்ளைகளின் கோடு, ஒரே ஒரு தற்செயல் நிகழ்வு போதும் என்பதுபோல இறங்கியது. ஒரு கண்ணில் வந்தவர்களின் கோடோ இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடக்கவேண்டும் என்பதுபோல வளைந்தது. 1971இல் அவர் இதை எழுதினார். இந்த நோய்க்குக் காரணமான மரபணு கையில் கிடைத்தது 1986இல். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

நம் வீட்டுப் படலையை வைத்து இதைச் சொல்லலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று படலைக்கு இரண்டு கொளுக்கி. ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், ஆடுமாடு உள்ளே வராது. புற்றைத் தடுக்கும் மரபணுக்களும் ஒவ்வொரு கலத்திலும் இப்படி இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. சாதாரணமாகப் பிறந்தவரின் ஏதாவது ஒரு கலத்தில் இரண்டு கொளுக்கியும் கழன்றால்தான் ஆபத்து. அது நடக்க நெடுங்காலம் ஆகும், அநேகருக்கு நடப்பதேயில்லை. வழிவந்த விகாரத்தோடு பிறந்தவருக்கோ கோடிக்கணக்கான கலங்களிலும் ஒரு கொளுக்கி முதலிலேயே இல்லை. மற்றது எங்காவது ஓரிடத்தில் கழன்றால் போதும். இளவயதில் வருவதும், இரண்டு கண்ணிலோ இரண்டு மார்பிலோ வருவதும், ஒருவருக்கே இரண்டு புற்று வருவதும் பரம்பரையின் அடையாளங்களாக இருப்பது இதனால்தான். விகாரம் இருந்தும் சிலர் கடைசிவரை நோயில்லாமல் இருப்பதற்கும் இதுவே விளக்கம். அவர்களில் இரண்டாவது கொளுக்கி கழலவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறு பிள்ளையை வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கும்போது கண்ணின் கருமணி வெள்ளையாகத் தெரிந்தால் அது மேலே சொன்ன விழித்திரைப் புற்றாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். அன்றோ மறுநாளோ கண் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வேளைக்குக் கண்டால் உயிரோடு பார்வையையும் காப்பாற்றலாம்.

பரம்பரைப் புற்று பற்றிய அறிவின் தொடக்கத்தில் ஒரு தையல்காரப் பெண் இருக்கிறார். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் நிபுணர் அல்ட்ரெட் வார்த்தினிடம், தான் கருப்பையிலோ குடலிலோ புற்று வந்து இளமையிலேயே சாகப்போவதாக அவர் சொன்னார். தன் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள் என்றார். வார்த்தின் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அந்தப் பெண்ணின் உறவுகளை ஒவ்வொருவராகத் தேடி எழுதி, 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் தான் சொன்னபடியே கருப்பைப் புற்றால் இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்று அந்த நிலைக்கு லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். கலம் தன் எழுத்துவரிசையைப் படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்று பழுதுபட்டிருப்பதே காரணம்.

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குக் குடலிலும், இன்னொருவருக்குக் கருப்பையிலும், வேறொருவருக்கு இரைப்பையிலும் புற்று வந்தது. நம் ஊரென்றால் மூன்றும் வெவ்வேறு வருத்தங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றே சொல்லியிருப்போம். உறுப்பு வேறாக இருந்தாலும் மூலம் ஒன்றாக இருக்கலாம். மார்பகமும் சூலகமும், குடலும் கருப்பையும் அப்படிச் சேர்ந்து வருபவை.

மார்பகப் புற்றுக்கு வருவோம். இவ்வளவு பரவலான நோய்க்குத் தனியொரு மரபணு காரணமாக இருக்கும் என்பதை 1970களில் அநேகர் நம்பவில்லை. மேரி கிளெயர் கிங் என்ற ஆய்வாளர் நம்பினார். மார்பகப் புற்று பலருக்கு வந்த 23 குடும்பங்களை எடுத்து, நிறமூர்த்தங்களில் தெரிந்த அடையாளங்களில் எது நோயோடு கூடவே தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று பல வருடம் தேடினார். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகப் பார்த்தபோது விடை கலங்கலாக இருந்தது. நோய் வந்த வயதுப்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியபோது தெளிந்தது. மிக இளவயதில் நோய் வந்த குடும்பங்களில் 17ஆம் நிறமூர்த்தத்தின் ஓரிடம் நோயோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 1990இல் அவர் இதை அறிவித்தார். 1994இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் பி.ஆர்.சி.ஏ.1. அடுத்த வருடம் 13ஆம் நிறமூர்த்தத்தில் பி.ஆர்.சி.ஏ.2 வந்தது. இரண்டும் அறுந்த டி.என்.ஏ. இழையைப் பிழையின்றிப் பொருத்தும் வேலைக்கு வேண்டியவை.

இப்போது இரண்டாவது வீட்டுக்குத் திரும்பலாம். 17, 13 ஆகிய நிறமூர்த்தங்களுக்கும் ஆண் பெண் வேறுபாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆணிடமும் இரண்டிரண்டு உண்டு. அந்தப் பெண்ணின் தகப்பனிடம் விகாரம் இருந்தால் மகளுக்கு அது போகும் வாய்ப்பு சரிபாதி, மகனுக்கும் அதே பாதி. தகப்பனுக்கு மார்பகப் புற்று வரும் சாத்தியம் மிகக் குறைவு, ஆகவே அவர் நலமாகவே இருக்கலாம். விகாரம் அவருக்குள் சத்தமில்லாமல் ஒரு தலைமுறையைக் கடந்துவிடும். தகப்பனின் அக்கா, அந்தப் பெண்ணுக்கு மாமி, 42 வயதில் "வயிற்றில் கட்டி" வந்து செத்துப்போனதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது சூலகப் புற்றாக இருந்திருக்கலாம். தாய் வழியை மட்டும் தேடிய ஊர் மாமியைக் கணக்கில் எடுக்கவில்லை. மார்பகப் புற்று பெண்களின் வருத்தம், ஆகவே பெண்வழியாகத்தான் வரும் என்ற எண்ணம் எத்தனையோ வீடுகளில் இந்தத் தடயத்தை மறைத்துவிடுகிறது.

ஏறக்குறைய 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வந்தது. அதன்படி, பி.ஆர்.சி.ஏ.1இல் கேடான விகாரம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருவோர் 100க்கு 72 பேர், சூலகப் புற்று வருவோர் 44 பேர். பி.ஆர்.சி.ஏ.2இல் முறையே 69, 17. இவை மிகப் பெரிய எண்கள். ஆனால் நூறு என்று எதிலும் இல்லை. ஆண்களையும் இது விட்டுவிடுவதில்லை. குறிப்பாக பி.ஆர்.சி.ஏ.2 விகாரம் உள்ள ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றின் அபாயம் கூடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்க முடியாது. பெங்களூரில் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தில் புற்றுள்ள 61 நோயாளிகளில் 17 பேரிடம் இந்த இரு மரபணுக்களில் ஒன்றில் விகாரம் காணப்பட்டது. அவர்களில் 10 பேரிடம் இருந்தது ஒரே விகாரம். பி.ஆர்.சி.ஏ.1இன் தொடக்கத்தில், 185ஆம் இடத்தை ஒட்டி இரண்டு எழுத்துகள் விழுந்திருந்தன. கலம் எழுத்துகளை மும்மூன்றாகவே வாசிக்கும். இரண்டு விழுந்தால் அதற்குப் பின்னுள்ள எல்லா மூன்றும் இடம்பெயர்ந்துவிடும். சற்றுத் தூரத்தில் "நிறுத்து" என்ற குறி வந்துவிடும், புரதம் குறையாகவே நின்றுபோகும்.

வியப்பு என்னவென்றால், கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களிடையே மிகப் பரவலாக உள்ள விகாரமும் இதுவே. அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் எங்கோ ஒரு பாட்டி பொதுவா? சென்னை ஆய்வாளர்கள் ஓர் இந்தியக் குடும்பத்தை எடுத்து, விகாரத்துக்கு இருபக்கமும் உள்ள அடையாளங்களைப் பார்த்தார்கள். ஒரே மூதாதையிடமிருந்து வந்திருந்தால் விகாரத்தோடு அதன் அக்கம்பக்கமும் சேர்ந்தே வந்திருக்கும். ஆனால் அக்கம்பக்கம் யூதர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை. அதே பிழை இந்தக் குடும்பத்தின் வழியில் தனியாகவே ஒருமுறை நேர்ந்திருக்கிறது என்று 2007இல் முடிவுசொன்னார்கள். மரபணுவை வைத்து இனத்தின் பெருமை சிறுமை பேசுவோர் இந்த முடிவை நின்று யோசிக்கவேண்டும்.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கை நோயாளிகளின் பி.ஆர்.சி.ஏ.1ஐ ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அதற்குமுன் உலகில் எங்கும் பதிவாகாத மாற்றங்களும் அவற்றில் இருந்தன. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எல்லா மாற்றமும் கேடு செய்வதில்லை. ஒரு மாற்றம் தீங்கானதா இல்லையா என்பதை, அதே மாற்றம் உள்ள வேறு பலருக்கு என்ன நடந்தது என்று பார்த்தே சொல்லமுடியும். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. ஆகவே நம்மவரின் பரிசோதனை முடிவில் "பொருள் தெளியாத மாற்றம்" என்ற வரி அடிக்கடி வரும். அந்த வரியை வைத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக்குப் போகக்கூடாது, பயந்து ஒடுங்கவும் வேண்டாம். நம்மவர்கள் பலர் ஆய்வுகளில் சேர்ந்தால்தான் அந்தத் தெளியாமை தீரும்.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் வந்ததா என்று பலர் கேட்பதுண்டு. மேலே சொன்ன அபாயத்துக்குப் பழுதான ஒரு பிரதி போதும், ஆகவே மச்சான் மச்சாள் கலியாணம் அதற்குக் காரணமில்லை. ஆனால் இருவரிடமும் பி.ஆர்.சி.ஏ.2 விகாரம் இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகிப் பன்கோனி இரத்தச்சோகை என்ற கடும் நோய் வரலாம். சொந்தத்துக்குள் முடிக்கும்போது அந்தச் சாத்தியம் கூடும்.

இனி எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற பகுதி. நம் வீடுகளில் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "கூடாத வருத்தம்" என்று குரலைத் தாழ்த்துவோம். பெட்டைகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்ற பயம் உண்மையானது, அதை நான் சின்னதாக எண்ணவில்லை. பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டத் தயங்கிய காலத்தில், அவர்களுக்கென்றே இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்பட்டது. பெண் வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள். அந்தத் தயக்கத்தை நம் பூட்டிமார் அன்றே கடக்கத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு சகோதரியின் நோயை மற்றச் சகோதரிக்கே சொல்லாமல் மறைப்பது இன்றும் நடக்கிறது. மறைத்ததால் கலியாணம் காப்பாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் வேளைக்குக் கண்டுபிடித்திருக்கக்கூடிய கட்டி கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

போர் இன்னொரு வெட்டை வெட்டியது. குடும்பங்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சிதறின. இடம்பெயர்வில் வைத்தியசாலைத் துண்டுகளும் தொலைந்தன. ஆனால் இந்தச் சிதறலில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. ரொறன்ரோவில் உள்ள ஒரு மாமிக்கு அங்கே பரிசோதனை நடந்து, விகாரம் இன்ன இடத்தில் என்று தெரிந்திருந்தால், இணுவிலில் இருக்கும் மருமகளுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். அங்கே விகாரம் இல்லையென்றால், அந்தக் குடும்ப அபாயம் அவளுக்கு இறங்கவில்லை என்று நம்பிக்கையோடு சொல்லலாம். மாறாக, குடும்பத்தில் நோய் வந்த எவரையும் பரிசோதிக்காமல் சுகமாக இருக்கும் ஒருவரை மட்டும் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதற்கு அவ்வளவு பெறுமதி இல்லை. குடும்பத்தின் விகாரம் தேடாத ஏதோவொரு மரபணுவில் இருக்கலாம். எனவே முடிந்தவரை நோய் வந்தவரையே முதலில் பரிசோதிப்பது முறை. ரொறன்ரோ மாமியின் அறிக்கையின் ஒரு பிரதி, இங்கே செலவழிக்கும் பெரிய பணத்தையும் பல மாத மனக்கலக்கத்தையும் மிச்சப்படுத்தும்.

விகாரம் இருப்பது தெரிந்தால் செய்யக்கூடியவை உண்டு. மார்பகத்தை இளவயதிலிருந்தே எம்.ஆர்.ஐ. மூலம் வருடந்தோறும் பார்க்கலாம். சூலகப் புற்றை வேளைக்குக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லாததால், பிள்ளைகள் பெற்று முடித்தபின் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடப் பரிந்துரைக்கிறார்கள். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் இரு மார்பகங்களையும், 2015இல் சூலகங்களையும் அகற்றியது இந்தக் கணக்கில்தான். லிஞ்ச் குடும்பத்தினர் இளவயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கொருமுறை பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்துக்கொண்டால், புற்றாக மாறுமுன்னரே முளைகளை அகற்றிவிடலாம். நோய் வந்தபின்னும் இந்த அறிவு உதவும். ஏற்கனவே ஒரு திருத்தும் வழியை இழந்த புற்றுக்கலத்தின் மற்றொரு வழியையும் அடைத்து அதைச் சாகடிக்கும் ஒலாபரிப் என்ற மருந்து 2014இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது.

காங்கேசன்துறை வீதியில் சுன்னாகமும் மல்லாகமும் தாண்டினால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் எழுந்தது அது. மரபணு ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் மருத்துவர் முதலில் கேட்பது குடும்ப வரலாற்றைத்தான், அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இந்த வாரமே ஒரு தாளை எடுங்கள். அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டிலும், மூன்று தலைமுறைக்கு, யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்று வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அழைப்பெடுத்துக் கேளுங்கள். 50 வயதுக்கு முன் மார்பகத்திலோ பெருங்குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தவர், எந்த வயதிலாவது சூலகப் புற்று வந்தவர், மார்பகப் புற்று வந்த ஆண் என்று அந்தத் தாளில் ஒருவர் இருந்தாலும், அதை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.